12 அடிப் படகு, 55 பவுண்டு மோட்டார்: கொஞ்சம் வேகத்துக்காகத் தண்ணீரில் போட்ட 650 டாலர்

நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு மெர்சர் ஏரியைத் தெரிந்திருக்கும். பெட்ரோல் மோட்டாருக்கு அங்கே அனுமதி இல்லை. துடுப்பு, பாய், இல்லாவிட்டால் பேட்டரி மோட்டார். மீன் பிடிக்க மெதுவாக நகர்த்தும் ‘ட்ரோலிங் மோட்டார்’தான் இப்படிப்பட்ட ஏரிகளில் படகுக்கு இன்ஜின். என்னுடையது பழையதாக வாங்கிய 12 அடி அலுமினியத் தட்டையடிப் படகு. பின்பலகையில் 55 பவுண்டு, 12 வோல்ட் மோட்டார், ஒரு லெட்-ஆசிட் பேட்டரி, இரண்டு ஆள். முதல் நாள் முழு வேகத்தில் விட்டு போனில் ஜிபிஎஸ் பார்த்தால் மணிக்கு 3.1 மைல், அதாவது 5 கிலோமீட்டர். கரையில் நாயோடு நடந்தவர் எங்களை முந்திப் போனார். அந்த எரிச்சலில் ஆரம்பித்தது ஒரு முழுக் கோடையையும் 650 டாலரையும் விழுங்கிவிட்டது. முடிவில் அதே 55 பவுண்டு அளவு மோட்டாரில் 4.3 மைல் கிடைத்தது. கொடுமை என்னவென்றால், அந்த 650 டாலரில் ஒரு டாலர்கூட வேகத்தைக் கூட்ட உதவவில்லை. உதவிய செலவுகள் தனி, வேலை நடந்த வரிசையும் வேறு.

முதல் தப்பு, பவுண்டை வேகம் என்று நினைத்தது. பெட்டியில் போட்டிருக்கும் 55 பவுண்டு என்பது படகைக் கட்டிப்போட்டு மோட்டாரை ஓட்டினால் கயிறு எவ்வளவு இழுபடும் என்ற கணக்கு. நின்ற இடத்தில் தள்ளும் விசை அது. படகு நகர ஆரம்பித்ததும் புரொப்பெல்லருக்குள் வரும் தண்ணீரே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். தள்ளும் விசை குறைந்துகொண்டே வரும். ட்ரோலிங் மோட்டாரின் புரொப்பெல்லர் கனமான படகை மெதுவாகத் தள்ளுவதற்கென்றே வளைக்கப்பட்டது. முதல் கியரில் லாரி போவது மாதிரிதான். அதனால் 55-ஐக் கழற்றிவிட்டு 80 பவுண்டு போட்டால் எதிர்காற்றில் திணறாது, சுமை ஏற்றினாலும் சோராது. உச்ச வேகம் மட்டும் பெரிதாக ஏறாது.

இரண்டாவது தடை படகு. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் எந்தப் படகும் தன் நீளத்துக்கு ஏற்ற அலையை எழுப்பும். வேகம் ஏற ஏற அந்த அலையும் நீளும். ஒரு கட்டத்தில் முன்பக்கம் ஓர் அலை முகட்டிலும் பின்பக்கம் அடுத்த முகட்டிலும் வந்து நிற்கும்; அதற்கு மேல் போக முயன்றால் பின்பக்கம் பள்ளத்தில் இறங்கி, படகு தன் அலையின் மேலேயே ஏற முயன்று கிடக்கும். தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த வேகம் ‘நாட்’ (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். 12 அடிப் படகில் தண்ணீர் தொடுவது சுமார் பத்தரை அடி; 4.3 நாட், அதாவது மணிக்கு 5 மைல். இப்படி அகலமான படகு அதற்கு மேல் போக வேண்டுமென்றால் தண்ணீரின் மேல் வழுக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 25 முதல் 50 பவுண்டு எடைக்கு ஒரு குதிரைத்திறன் தேவை. படகு, ஆள், பேட்டரி எல்லாம் சேர்ந்து 600 பவுண்டு என்றால் குறைந்தது 12 குதிரைத்திறன். நம் மோட்டார் பேட்டரியிலிருந்து இழுப்பதே 50 ஆம்பியர், 12 வோல்ட், 600 வாட். ஒரு குதிரைத்திறன்கூட இல்லை. அதிலும் பாதிதான் தண்ணீரைத் தள்ளும் வேலையாக மாறுகிறது.

இதை மெர்சர் ஏரியில் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே துடுப்புப் பந்தய வீரர்கள் பயிற்சி எடுப்பார்கள். ஒற்றை ஆள் பந்தயப் படகு 8 மீட்டர் நீளம், 14 கிலோ எடை, அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு. நல்ல வீரர் ஒருவர் 300 வாட் சுற்றுவட்டாரத்தில் துடுப்புப் போட்டு, நம்மைப் போல மூன்று மடங்கு வேகத்தில் போய்விடுவார். நம் புரொப்பெல்லர் தண்ணீருக்குக் கொடுப்பதும் அதே 300 வாட்தான். வித்தியாசம் முழுக்கப் படகின் வடிவத்தில் இருக்கிறது. இது எனக்கு முதல் வாரமே புரிந்திருந்தால் பர்ஸ் பிழைத்திருக்கும்.

புரியாததால் 180 டாலருக்குப் பழைய மோட்டார் இன்னொன்று வாங்கிப் பக்கத்திலேயே மாட்டினேன். இரண்டும் சேர்ந்தால் 110 பவுண்டு, வேகம் ஒன்றரை மடங்காவது ஆகும் என்று மனக்கணக்கு. வந்தது 3.4 மைல். வேகத்தை ஏற்றத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். சக்தியை இரட்டிப்பாக்கினால் நல்ல நிலையிலேயே 26 சதவீதம்தான் வேகம் கூடும். படகு தன் எல்லையை நெருங்க நெருங்க அதுவும் கிடைக்காது. கூடவே இரண்டாவது தண்டும் தண்ணீரில் இழுவை. ஒரே பேட்டரியிலிருந்து நூறு ஆம்பியரை உறிஞ்சியதில் வோல்ட்டேஜ் சரிந்து, இரண்டு மோட்டாரும் அரைத் தூக்கத்தில் ஓடின. நாலே தடவை அப்படி அடியோடு காலி செய்ததில் 140 டாலர் பேட்டரியும் செத்தது. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் ஓட்ட வேண்டும் என்பது அந்த 140 டாலரில் கற்றுக்கொண்டது. அதன்மேல் போட்டிருக்கும் 100 ஆம்பியர்-அவர், 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. 50 ஆம்பியர் வேகத்தில் எடுத்தால் அதில் கணிசமான பங்கு கைக்கு வராது.

அடுத்தது சொல்லவே கூச்சமாக இருக்கும் கட்டம். வேறு இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 12 வோல்ட் மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுத்தேன். “கொஞ்ச நேரம்தானே, ஒன்றும் ஆகாது” என்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். படகு உண்மையிலேயே துள்ளியது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு வேகப் பிடிக்குள்ளிருந்து மீன் வாடையையும் மிஞ்சும் ஒரு கருகல் நாற்றம். அத்தோடு 250 டாலர் மோட்டார் முடிந்தது. காரணம் எளிது. புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவையான முறுக்குவிசை சுற்றின் இருமடிக் கணக்கில் ஏறும். மோட்டார் இழுக்கும் மின்சாரமும் அந்த முறுக்குவிசையோடு ஏறும். சுற்று ஒன்றரை மடங்கு ஆனாலே ஆம்பியர் இரண்டே கால் மடங்கு, அதாவது 50 இருந்த இடத்தில் 110-க்கு மேல். கார்பன் பிரஷ், சுருள், கட்டுப்பாட்டு அட்டை எதுவும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வாரண்டியும் கிடையாது. 24 வோல்ட் வேண்டுமென்றால் 24 வோல்ட் மோட்டாரே வாங்க வேண்டும். மிஞ்சியிருந்த 180 டாலர் பழைய மோட்டாரும் 55 பவுண்டுதான் என்பது மட்டும் ஆறுதல். இனிச் சொல்லும் எண்கள் எல்லாம் அதில் அளந்தவை.

மனசு விட்டுப்போய், கடைசியாகத்தான் மல்ட்டிமீட்டரை எடுத்தேன். அதை முதலில் எடுத்திருக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: படகைக் கரையில் கயிறு போட்டுக் கட்டுங்கள், மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனைகளில் ஒரு தடவையும், மோட்டார் ஒயர் செருகும் இடத்தில் ஒரு தடவையும் வோல்ட்டேஜ் பாருங்கள். மோட்டார் ஓடாதபோது பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லா இடத்திலும் 12.7 காட்டி நல்ல பிள்ளையாக இருக்கும். ஓடும்போது பேட்டரியில் 11.9 இருந்தது. மோட்டார் பக்கம் 10.2. நடுவில் 1.7 வோல்ட் காற்றில் போய்க்கொண்டிருந்தது. ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் வாங்கினால் டிசி ஆம்பியர் அளப்பதுதானா என்று அட்டையைப் படித்து வாங்குங்கள். மலிவானவற்றில் பல ஏசி மட்டும்தான் அளக்கும். படகில் பூஜ்ஜியம் காட்டும்.

திருடன் ஒயர்தான். பேட்டரியை முன்னால் வைக்க, பழைய சொந்தக்காரர் 10 அடிக்கு 12 கேஜ் ஒயர் இழுத்திருந்தார். போக 10, வர 10, மொத்தம் 20 அடி. 12 கேஜ் செம்புக் கம்பி 20 அடியின் மின்தடை 0.032 ஓம், 44 ஆம்பியர் ஓடினால் 1.4 வோல்ட் அதிலேயே சூடாகக் கரைந்துவிடும். மீதி 0.3 வோல்ட் பிளக்கில். அந்தப் பிளக்கின் பிளாஸ்டிக் ஒரு ஓரத்தில் இளகிப் பழுப்பேறியிருந்ததைப் பார்த்தும் நான் பேசாமல் விட்டிருந்தேன். 50 ஆம்பியர் மோட்டாருக்கு 5 அடி நீட்டிப்பு என்றால் 8 கேஜ், 10 அடி என்றால் 6 கேஜ், 15 அடி என்றால் 4 கேஜ். கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள்.

இங்கேயும் 40 டாலர் ஏமாந்தேன். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்த ‘6 கேஜ்’ ஒயரை வாங்கி, நுனியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியது. அதே தடிமனில் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஈரத்தில் நுனி பொடியாக உதிரும். கேட்டு வாங்க வேண்டியது ஈயம் பூசிய முழுச் செம்பு இழை, படகுக்கென்றே விற்பது. ‘எஸ்ஏஇ’ (வண்டி ஒயர் அளவு முறை) என்று போட்டிருந்தால் அதே எண்ணிலும் ஒயர் சற்று மெலிந்தது. ‘ஏடபிள்யூஜி’ (அமெரிக்க ஒயர் அளவு முறை) அளவைப் பாருங்கள். நுனியில் வளைய முனையை நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்தி, மேலே பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடுங்கள். இடுக்கியால் நசுக்கியது நாலு மாதம் தாங்காது. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் டிசி பிரேக்கர் கட்டாயம். வேகத்துக்கு அதனால் பயனில்லை; ஒயர் எங்காவது உரசி ஒன்றோடொன்று தொட்டால் படகு பற்றிக்கொள்ளாமல் இருக்க. பிளக்கை 50 ஆம்பியர் தாங்கும் இறுக்கமான கனெக்டராக மாற்றினேன். ஒயர், பிரேக்கர், கனெக்டர் எல்லாம் சேர்த்து 110 டாலர். இழப்பு 0.4 வோல்ட்டாகக் குறைந்தது, வேகம் 3.1-லிருந்து 3.5 ஆனது. இரண்டாவது மோட்டார் மாட்டியபோது கூடியதைவிட இது அதிகம்.

வேகத்தை அளப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒரே தூரத்தைப் போகவும் வரவும் ஓட்டிச் சராசரி எடுங்கள். பின்காற்றில் ஒரு வழி மட்டும் பார்த்துவிட்டு, மாட்டிய புதுச் சாமான் வேலை செய்கிறது என்று நான் இரண்டு தடவை சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஒரு நாளில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது.

அடுத்த 0.2 மைல் ஓசியில் வந்தது. மோட்டார் உருளை நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் அடியாவது இருக்க வேண்டும். என்னுடையது முக்கால் அடி ஆழத்தில்கூட இல்லை. செடியில் மாட்டாமல் இருக்கட்டும் என்று தூக்கி வைத்திருந்தேன். புரொப்பெல்லர் மேலிருந்து காற்றை உறிஞ்சி, தண்ணீரோடு காற்றையும் அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் நுரை கொப்பளித்து, சத்தம் திடீரென்று இலேசாகிக் கீச்சென்று ஏறினால் அதுதான் அர்த்தம். ரொம்ப ஆழம் இறக்கினாலும் தண்டின் இழுவை கூடும். தண்டு செங்குத்தாக நிற்கிறதா என்று ஓடும்போது பக்கத்திலிருந்து பாருங்கள். பின்பலகை சாய்வாக இருப்பதால் மோட்டாரும் சாய்ந்து, தள்ளும் விசையின் ஒரு பங்கு படகின் பின்பக்கத்தைத் தூக்கவோ அமுக்கவோ போய்விடும். சாய்வைச் சரிசெய்யும் ஆணி மோட்டாரைப் பிடித்திருக்கும் தாங்கியிலேயே இருக்கிறது.

அப்படியே புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். விரலுக்கு ஈடு கிடையாது. நட்டைக் கழற்றி, புரொப்பெல்லரை மோட்டாரிலிருந்து நேராக வெளியே இழுத்தால் வந்துவிடும். வரவில்லை என்றால் ஒரு பக்கத்தை மரக்கட்டையால் மெல்லத் தட்டலாம். உள்ளே தண்டைச் சுற்றி, வெட்டுண்ட தூண்டில் நரம்பு பஞ்சு மாதிரி திரண்டிருந்தது, இரண்டு விரல் தடிமனுக்கு. கூர்மையான கத்தியை வைத்து அறுக்கப் போகாதீர்கள். அதற்குப் பின்னால்தான் ரப்பர் சீல் இருக்கிறது. நரம்பு சூடாகி அந்தச் சீலைத் தின்றால் தண்ணீர் உள்ளே போய் ஆர்மேச்சர் துருப்பிடிக்கும். மோட்டார்கள் சாவதற்கு வயதைவிட இது பெரிய காரணம் என்றே நினைக்கிறேன். நாலைந்து தடவை போய் வந்தால் ஒரு தடவை கழற்றிப் பார்ப்பது இப்போது வழக்கம். இலையின் முன் விளிம்பில் கல்லில் பட்ட பிசிறு இருந்தால் நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். திரும்ப மாட்டும்போது நட்டை இறுகியதும் மேலே கால் சுற்று, அவ்வளவுதான். அதிகம் முறுக்கினால் புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் குறுக்கு ஆணி (‘பின்’) வளையும்.

எடை விஷயத்தில் நான் கவனித்தது, எவ்வளவு எடை என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஒரு சமயம் ஆளும் மோட்டாரும் மீன் பெட்டியும் எல்லாம் பின்னால்தான். பின்பலகையின் அடி விளிம்பு தண்ணீருக்குள் முழுகி, அதன் பின்னால் தண்ணீர் சுழித்துக்கொண்டு படகோடு கூடவே வரும். அந்தச் சுழிப்பு படகின் வாலைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். பேட்டரி முன்னால், இரண்டாவது ஆள் நடுவுக்குச் சற்று முன்னால், ஓட்டுபவர் மோட்டார் கைப்பிடிக்கு நீட்டிப்புக் குழாய் போட்டு நடுவை நோக்கி நகர்ந்தால் படகு மட்டமாகும். பின்பலகைக்குப் பின்னால் தண்ணீர் சுத்தமாகப் பிரிந்து போவது தெரிய வேண்டும். முன்பக்கம் அமுங்கினால் மட்டும் நிறுத்திவிடுங்கள். படகு திசை பிடிக்காது, அலையும் உள்ளே வரும். ரிவெட் கசிந்து பலகைக்கடியில் நின்ற தண்ணீரை மறக்காதீர்கள். 20 லிட்டர் என்றால் 20 கிலோ, அதுவும் பின்பக்கம்தான் ஓடி வந்து நிற்கும். இதெல்லாம் செய்து 4.0.

லெட்-ஆசிட் பேட்டரிக்குப் பதில் வாங்கியது 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 280 டாலர். இது மாற்றம் என்று சொல்லத்தக்க மாற்றம். எடை ஏறக்குறைய 11 கிலோ. அதே அளவு லெட்-ஆசிட் அதைப் போல இரண்டரை மடங்கு கனக்கும். 50 ஆம்பியர் இழுத்தாலும் 12.8 வோல்ட் சுற்றி நிற்கும், கடைசிவரை பெரிதாகச் சரியாது. வேகம் 4.3, முக்கியமாக, புறப்படும்போது இருந்த அதே வேகம் திரும்பி வரும்போதும் இருந்தது. ஆனால் நாலு விஷயம் கவனியுங்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்பு அட்டை தொடர்ச்சியாக 100 ஆம்பியர் தாங்குவதா என்று பாருங்கள். 50 ஆம்பியர் அட்டை உள்ள சின்ன பேட்டரி, முழு வேகத்தில் ஏரி நடுவில் சட்டென்று அணைந்துவிடும். சார்ஜர் 14.4 முதல் 14.6 வோல்ட் லித்தியத்துக்கான தனி சார்ஜராக இருக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் அது நிரந்தரமாகக் கெடும். நியூஜெர்சி குளிர்காலத்தில் கராஜில் சார்ஜரோடு விட்டுவிடாதீர்கள். கடைசியாக, லித்தியத்தின் கூடுதல் வோல்ட்டேஜால் மோட்டார் சூடேறும். ட்ரோலிங் மோட்டார் செய்யும் ‘மின் கோட்டா’ நிறுவனம் தன் கையேட்டிலேயே லித்தியம் பேட்டரியில் 85 சதவீதத்துக்கு மேல் நெடுநேரம் ஓட்டினால் மோட்டார் கெடலாம் என்று எச்சரிக்கிறது. முழு வேகத்தை நாலைந்து நிமிட அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புரொப்பெல்லர் மாற்றுவதைப் பற்றிப் பெரிய நம்பிக்கை வேண்டாம். மூன்று இலை புரொப்பெல்லர் 40 டாலருக்கு வாங்கி மாட்டினேன். சத்தம் குறைந்தது, வேகம் அளக்கும்படி கூடவில்லை. பொம்மை விமானத்தின் புரொப்பெல்லரைத் துளைத்து மாட்டுபவர்கள் உண்டு. மெலிந்த கயாக்கில் அது பலிக்கலாம், ஏனென்றால் அந்தப் படகு ஏற்கெனவே வேகமாக ஓடுகிறது. அகலமான தட்டையடிப் படகில் ஆம்பியர்தான் ஏறும், செடியில் ஒரு தடவை மாட்டினால் இலை உடையும். எதை மாட்டினாலும் கிளாம்ப் மீட்டரில் 50-க்கு மேல் போனால் உடனே கழற்றிவிடுங்கள்.

இதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டே வழி. ஒன்று, 14 அல்லது 16 அடி நீளத்தில் ஒடுங்கிய படகு. சின்ன மோட்டாரிலேயே ஓடும். இன்னொன்று, இ-புரொபல்ஷன் ஸ்பிரிட், டார்க்கீடோ டிராவல் மாதிரி ஒரு கிலோவாட் அளவிலான பிரஷ் இல்லாத மோட்டார்கள்; பேட்டரியோடு சேர்த்து ஆயிரக்கணக்கில் டாலர். அதையும் 12 அடிப் படகில் மாட்டி 5 மைல் சுவரில் முட்டுவதற்காக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எதிர்காற்று அதிகமுள்ள பெரிய ஏரி என்றால் மட்டும் யோசிக்கலாம். எதை மாட்டினாலும் பின்பலகைப் பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில் படகு தாங்கும் ஆள், எடை, குதிரைத்திறன் எண்களைப் பாருங்கள். நியூஜெர்சியில் மின் மோட்டார் மாட்டினாலும் படகைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் முறையில் ஒரு கணக்கு. 4.3 மைல் வேகத்தில் 50 ஆம்பியர் போனால் இந்த பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள், 8 மைலில் காலி. 3 மைலுக்குக் குறைத்தால் மும்மடிக் கணக்குப்படி சுமார் 17 ஆம்பியர்தான். ஐந்தரை மணி நேரம், 16 மைல். ஆனால் இது நிலைகள் இல்லாமல் சீராகத் திருகும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ள மோட்டாருக்குத்தான். ஐந்து நிலை சுவிட்ச் உள்ள பழைய மோட்டாரில் குறைந்த நிலைகளில் மிச்சச் சக்தி கம்பிச் சுருளில் சூடாகப் போய்விடும். ஐந்தாவது நிலையில் மட்டும் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இப்போது போகும்போது 3 மைல்தான் ஓட்டுகிறேன். தூண்டில் பெட்டியில் இரண்டு உபரி ‘பின்’, ஒரு புரொப்பெல்லர் நட்டு, அதற்கான ஸ்பானர். பலகைக்கடியில் துடுப்பு இரண்டு.